முகாமுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் என்ன செய்யலாம்?

கேட்கப்பட்ட கேள்வி இது: “எங்கள் ஊரை ஒட்டி இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. போருக்குத் தப்பி வந்த குடும்பங்கள். அரசே வீடு, பணம், அரிசி எல்லாம் கொடுக்கிறது என்கிறார்கள். அப்படியானால் ஊர்க்காரர்கள் செய்ய என்ன மிச்சம் இருக்கிறது? அங்கிருந்து ஒரு குடும்பம் எங்கள் மாடி வீட்டை வாடகைக்குக் கேட்கிறது. கொடுத்தால் சட்டச் சிக்கல் வருமா?”

வாடகைக் கேள்விக்கு ஒரு வரியில் பதில்: கொடுக்கலாம், ஆனால் அவர்கள் எந்தப் பதிவில் இருக்கிறார்கள் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். விவரத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அரசு எதைக் கொடுக்கிறது என்று தெரிந்தால்தான் எது அங்கே எட்டவில்லை என்று தெரியும். முகாம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுப்பவர்களோடு பல வருடம் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே பசி பெரிய பிரச்சினை இல்லை. இடமும் காகிதமும்தான் பிரச்சினை.

இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகுகள் வரத் தொடங்கின. 1987 இந்திய – இலங்கை ஒப்பந்தம் வரை வந்தவர்கள் ஓர் அலை. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதும் வந்தவர்கள் அடுத்தது. 1996 முதல் இன்னொன்று. 2006க்குப் பிறகு, வட இலங்கையின் வன்னிப் பகுதியில் போர் முடியும் வரை வந்தவர்கள் கடைசி. அரசுக் கணக்கில் மொத்தம் 3 லட்சத்துக்குச் சற்று மேல். நடுவில் பெரும்பாலோர் திரும்பிப் போனார்கள், சிலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். 2021இல் சட்டமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்குப்படி நூற்றுச் சொச்சம் முகாம்களில் 58 ஆயிரத்துக்குச் சற்று அதிகமானவர்கள், வெளியே காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு சொந்தப் பொறுப்பில் வாழ்பவர்கள் சுமார் 34 ஆயிரம் பேர். இந்த இரண்டாவது கூட்டத்தை ‘வெளிப்பதிவு’ என்பார்கள். இந்தச் சொல்லை நினைவில் வையுங்கள், உங்கள் மாடி வீட்டு விஷயத்தில் தேவைப்படும்.

வந்த வழி எல்லா அலைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இலங்கையின் மன்னார், பேசாலை, தலைமன்னார்க் கரையிலிருந்து இரவில் கிளம்பும் படகு, விடிவதற்குள் தனுஷ்கோடிக்கு எதிரே உள்ள மணல் திட்டு ஒன்றில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். மீனவர்களோ கடலோரக் காவல்படையோ கண்டு கரைக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை குழந்தை குட்டிகளோடு மணலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 2022 மார்ச்சில், போரே இல்லாத காலத்தில், விலைவாசி தாங்காமல் வந்த குடும்பங்களும் இதே திட்டுகளில்தான் இறக்கப்பட்டார்கள்.

கரை ஏறியவர்கள் போய்ச் சேர்ந்த முதல் இடம் மண்டபம் முகாம். அது அகதிகளுக்காகக் கட்டிய இடமே இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளை அனுப்பிய ஆங்கிலேயர் காலத்தில், கப்பலேற்றும் முன் நோய்த் தடுப்புக்காக அடைத்து வைத்த இடம் அது. பிறகு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்கள், அதாவது அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள், வந்து இறங்கியதும் அங்கேதான். அப்புறம் 1983இலிருந்து அகதிகள். ஊரின் ரயில் நிலையத்துக்கே ‘மண்டபம் கேம்ப்’ என்றுதான் பெயர். ஒரே கொட்டடி வரிசை, நூறு ஆண்டுகளில் மூன்று விதமான தமிழர்களைப் பார்த்துவிட்டது.

மண்டபம் நடுவில் தங்கும் இடம் மட்டும்தான். அங்கிருந்து குடும்பங்களை மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். 1990இல் வந்த கூட்டத்துக்கு எங்கே கூரை இருந்ததோ அங்கெல்லாம் இடம் கொடுக்கப்பட்டது: புயல் பாதுகாப்புக் கூடம், பழைய கிடங்கு, காலியாகக் கிடந்த அரசுக் கட்டடம். கிடங்குக்குள் சேலையையும் சாக்கையும் கட்டித் தடுத்து, ஒரு தடுப்புக்கு ஒரு குடும்பம். வெளியே இடம் கிடைத்த முகாம்களில் பத்துக்குப் பத்து அடியில் குடிசை போட்டார்கள். அன்றைக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வந்தால் அப்படித்தான் செய்ய முடியும். வந்தவர்களும் ஆறு மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்றுதான் நினைத்தார்கள். வீட்டுச் சாவியைக் கையோடு எடுத்து வந்தவர்கள் உண்டு.

ஆறு மாதம் என்பது முப்பது வருடம் ஆனதுதான் கதை. அவசரத்துக்குப் போட்ட பத்துக்குப் பத்தில் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் கட்டி, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்தன. அப்படி ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் கணக்கு புரியும். ஒரு சுவரோரம் அடுப்பு, அதற்கு மேலே பரணில் துணிப் பெட்டிகள். எதிர்ச் சுவரில் டி.வி. நடுவில் பாய் விரித்தால் நாலு பேர் படுக்கலாம், ஐந்தாவது ஆள் வாசலில். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் நடுவில் ஒரு சேலைத் திரை. அப்புறம் வாசலில் தகரம் போட்டு முன்பக்கம் நாலடி இழுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் இழுப்பார், தெரு இரண்டாள் நடக்கும் சந்தாகிவிடும். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு தெருவிளக்கடியில் உட்கார்ந்து படிக்கிறது. பெண் பிள்ளை என்றால் அதுவும் முடியாது. குளியலறை பொது, கழிவறை பொது, அதுவும் பல முகாம்களில் உடைந்து கிடந்தது. விருந்தாளி வந்தால் வீட்டு ஆண்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். மரியாதைக்காக இல்லை, உட்கார இடம் வேண்டுமே.

இங்கே ஓர் ஒப்பீடு சொல்ல வேண்டும். 1995 அக்டோபர் 30ஆம் தேதி, இலங்கை இராணுவம் நெருங்கியதும், யாழ்ப்பாணம் வலிகாமத்திலிருந்து லட்சக்கணக்கானவர்கள் ஒரே இரவில் கிளம்பி, மழையில் நனைந்துகொண்டு பக்கத்துப் பகுதியான தென்மராட்சிக்கு நடந்தார்கள். கைதடி, சாவகச்சேரி, கொடிகாமம் பக்கம் இருந்த வீடு, பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் நிரம்பி வழிந்தன. தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்க்காமல் வீட்டுக்குள் விட்டார்கள். ஒரு கிணற்றை நம்பி எத்தனையோ குடும்பங்கள். அது தாங்கியது, ஏனென்றால் 1996 ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சிக்கு வந்ததும் பலர் வலிகாமம் திரும்பினார்கள், மற்றவர்கள் வன்னிக்குப் போனார்கள். ஆறு மாதத்துக்குள் அந்த நெரிசல் கலைந்துவிட்டது. வீட்டுக்குள் இடம் கொடுப்பது மிகப் பெரிய உதவி, ஆனால் அதற்குக் கெடு உண்டு. எத்தனை நல்ல மனசு இருந்தாலும் ஒரே சமையல்கட்டில் இரண்டு குடும்பம் வருடக்கணக்கில் சமைக்க முடியாது. உங்கள் ஊர் முகாம் அந்தக் கெடுவை எப்போதோ தாண்டிவிட்டது. அதனால் உங்கள் உதவியும் முதல் வாரத்து உதவி மாதிரி இருந்தால் பிரயோஜனம் இல்லை.

சரி, அரசு தருவதைப் பார்ப்போம். 2021 ஆகஸ்ட் 27 அன்று முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317.40 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தார். அதில் பெரிய பங்கு வீட்டுக்கு: பழுதடைந்த 7,469 வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டுவது. அடுத்த நாள் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள். முதல் கட்டமாக 3,510 வீடுகளுக்கு நவம்பரில் வேலூர் மாவட்டம் மேல்மொணவூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2022 செப்டம்பரில் திண்டுக்கல் பக்கத்துத் தோட்டனூத்தில் 321 வீடுகள் திறக்கப்பட்டன. தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி ஆகிய மூன்று முகாம்களின் குடும்பங்கள் அங்கே சேர்க்கப்பட்டார்கள். ஒரு வீடு சுமார் 300 சதுர அடி. நூறு சதுர அடியில் இருந்தவர்களுக்கு அது மூன்று மடங்கு. கழிவறை வீட்டுக்குள். இது உண்மையிலேயே நல்ல வேலை, குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் முகாமில் புது வீடு வந்துவிட்டதா, இன்னும் பழைய வரிசை வீடுதானா என்பதை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் தேவைகள் வேறு.

பணக்கொடை அந்த அறிவிப்பில் இப்படி உயர்ந்தது: குடும்பத் தலைவருக்கு மாதம் 1,000 ரூபாய் 1,500 ஆனது, மற்றப் பெரியவர்களுக்கு 750 ரூபாய் 1,000 ஆனது, குழந்தைகளுக்கு 400 ரூபாய் 500 ஆனது. கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றால் மாதம் 3,500. நாளுக்கு 117 ரூபாய் கூட வரவில்லை. இதோடு இலவச அரிசி, எரிவாயு இணைப்பு, வருடத்தில் ஐந்து சிலிண்டர்களுக்குத் தலா 400 ரூபாய் மானியம், துணிமணி, பாத்திரம். பொறியியல் படிப்பில் மதிப்பெண் அடிப்படையில் முதல் 50 பேருக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் முழுதும் அரசு ஏற்கும் என்றும் அறிவித்தார்கள். ஆக, உயிர் பிழைக்க வழி உண்டு. வாழ்க்கையில் மேலே போகத்தான் சம்பாதிக்க வேண்டும், படிக்க வேண்டும். இரண்டிலும் பதிவு என்ற கயிறு காலைப் பிடிக்கிறது.

பதிவு என்றால் என்ன? முகாமில் பெயர் இருந்தால்தான் வீடு, பணக்கொடை, அரிசி. பெயர் இருக்க வேண்டுமென்றால் குறித்த நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டும். இதைச் ‘செக்கிங்’ என்பார்கள். வருவாய் ஆய்வாளர் – ஆர்.ஐ. என்றுதான் அங்கே சொல்வார்கள் – பட்டியலைப் பார்த்துக் கூப்பிடுவார். தொடர்ந்து ஆள் இல்லையென்றால் பதிவை வெட்டிவிடுவார்கள். வெட்டிய பதிவைத் திரும்ப ஒட்டுவதற்கு ஆட்சியர் அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் நடந்து தேய வேண்டும். 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு இந்தக் கெடுபிடி பல மடங்கானது. அதற்கு முன்பு ஊர் மக்களிடம் இருந்த அனுதாபம் ஒரே நாளில் சந்தேகமானது. எந்தச் சான்றிதழும் கேட்காமல் பள்ளியில் சேர்த்துக்கொண்ட மாநிலத்தில், கல்லூரிக் கதவு சில வருடம் சாத்தப்பட்டது. 1996க்குப் பிறகுதான் மறுபடி திறந்தது. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் நுழைவதே கஷ்டமாகிப்போனது. இன்று நிலைமை எவ்வளவோ தளர்ந்திருக்கிறது, ஆனால் ‘ஆள் எங்கே’ என்ற கேள்வி மட்டும் போகவில்லை.

இப்போது நீங்கள் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். முதலில் வேலையைச் சொல்கிறேன், அதைத்தான் யாரும் உதவி என்று நினைப்பதில்லை. தமிழ்நாட்டு முகாம் ஆண்களில் பெரும்பாலோர் பெயிண்டிங் வேலைக்குப் போகிறார்கள். முதலீடு வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், ஒரு பிரஷ்ஷும் ஏணியில் ஏறத் தைரியமும் போதும் என்பதால் 90களிலேயே அந்தத் தொழிலுக்குள் நுழைந்தார்கள். அப்பாவைப் பார்த்து மகன், மகனைப் பார்த்து அவன் நண்பன். பட்டம் வாங்கிய பையன்களும் வாளியோடு போகிறார்கள். வேலை வெளி மாவட்டத்தில் என்றால் வாரக்கணக்கில் தங்க வேண்டும், ஆனால் செக்கிங் தேதிக்கு முகாமில் நிற்க வேண்டும். அந்தப் பயணத்துக்கே ஒரு நாள் கூலி போகும், ஒரு நாள் வேலையும் போகும். மேஸ்திரிகள் சிலர் இதைத் தெரிந்துகொண்டு கூலியைக் குறைத்துப் பேசுவார்கள். “உனக்குத்தான் அரசாங்கம் காசு கொடுக்குதே” என்பது நான் பலமுறை கேட்ட வசனம்.

அதனால் உங்கள் ஊரில் யாராவது வீடு கட்டினால், கடைக்கு வெள்ளையடித்தால், முகாம் ஆட்களை நேரடியாகக் கூப்பிடுங்கள், உள்ளூர்க் கூலி என்னவோ அதையே கொடுங்கள். குறைத்துக் கொடுத்தால் அவர்களுக்கும் நட்டம், உள்ளூர்ப் பெயிண்டர்களுக்கும் நட்டம். முகாமுக்கும் ஊருக்கும் நடுவில் உரசல் வரும் இடங்கள் இரண்டுதான்: கூலி, குடிதண்ணீர்க் குழாய். தண்ணீர் விஷயத்தில் ஊராட்சி மன்றக் கூட்டத்தில் நீங்கள் பேச முடியும், அவர்களால் முடியாது. ஓட்டு இல்லாதவர் சொல்லுக்கு வார்டு உறுப்பினரிடம் என்ன எடை என்பது உங்களுக்கே தெரியும். முகாமுக்குப் போகும் குழாய் உடைந்து கிடந்தால் கிராம சபையில் அதை எழுப்பித் தீர்மானமாக எழுத வையுங்கள். பத்து மூட்டை பழைய துணியை விட இது பெரிய உதவி.

படிப்பு அடுத்தது. இதில் முகாம்காரர்களே தங்களுக்குத் தாங்களே நிறையச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதிகளையே ஆசிரியர்களாகவும் சுகாதாரத் தொண்டர்களாகவும் வைத்து நடக்கும் அமைப்பு. முகாமில் முன்பு படித்த பிள்ளை பின்னால் வரும் பிள்ளைக்கு மாலையில் சொல்லிக் கொடுப்பது என்ற பழக்கம் அப்படித்தான் ஊன்றியது. பள்ளிப் படிப்பில் முகாம் பிள்ளைகள் சோடை போவதில்லை. தடங்கல் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு ஒரே ஒரு மாதத்தில், கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் வருகிறது.

என்ன நடக்கும் என்றால், இணையத்தில் விண்ணப்பம் போடும்போது குடியுரிமை என்ற கட்டம் வரும். ‘இந்தியர்’ என்று போட்டால் பொய், ‘வெளிநாட்டவர்’ என்று போட்டால் டாலரில் கட்டணம் காட்டும் பக்கம் திறக்கும். சாதிச் சான்றிதழ் கிடையாது, ஆகவே இடஒதுக்கீட்டுக் கட்டத்தில் எதை அழுத்துவது என்று தெரியாது. அகதி மாணவர் என்பதற்கு முகாம் தனி வட்டாட்சியரிடமிருந்தோ ஆட்சியர் அலுவலகத்திலிருந்தோ வாங்கிய கடிதத்தைக் கல்லூரி அலுவலகத்தில் நீட்டினால், அங்கிருக்கும் எழுத்தர் அதைப் போன்ற ஒன்றை வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார். ஒரு தனியார் கல்லூரியில், உதவித்தொகை வரும்போது வரட்டும், முதல் பருவக் கட்டணத்தை வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால்தான் இடம் என்று சொல்லி ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பெண் அந்த வருடம் துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். அரசு உதவி உண்டு, ஆனால் அது வருடத்தின் நடுவில் வரும். கல்லூரி பணம் கேட்பது ஜூனில்.

இந்த இடைவெளியில்தான் ஊர்க்காரர் தேவை. ஊரில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு சுழல்நிதி வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் கட்டணத்தைக் கட்டுங்கள், உதவித்தொகை வந்ததும் குடும்பம் திருப்பிக் கொடுக்கட்டும், அடுத்த வருடம் அடுத்த பிள்ளைக்கு. தானமாகக் கொடுத்தால் ஒரு பிள்ளைக்குத்தான் வரும், கடனாகக் கொடுத்தால் பத்துப் பிள்ளைக்கு வரும். அதைவிட முக்கியம், சேர்க்கை நாளில் கூடப் போய் நிற்பது. ஓய்வு பெற்ற ஆசிரியரோ வங்கிக்காரரோ ஒருவர் பக்கத்தில் நின்று “கல்லூரி முதல்வரைப் பார்க்க வேண்டும்” என்று சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். அநியாயம்தான், ஆனாலும் நம் ஊரில் நடைமுறை அப்படி.

மூன்றாவது காகிதம். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. சட்டத்தின் கண்ணில் இவர்கள் அனுமதியின்றி நுழைந்த வெளிநாட்டவர். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தை ஒட்டி ஒன்றிய அரசு ஒரு விலக்கு ஆணை போட்டது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்கான தண்டனை கிடையாது. இது பெரிய நிம்மதி. ஆனால் தண்டனையிலிருந்து விலக்குதானே தவிர குடியுரிமை இல்லை. போரே பார்க்காத, இங்கேயே பிறந்த இளைஞர்களுக்கும் இதே நிலைதான்.

இதில் உள்ளூர்க்காரர் என்ன செய்வது என்று நினைப்பீர்கள். பிறப்புச் சான்றிதழ்! 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்தவர்கள், வெளிநாட்டுத் தூதரின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் தவிர, பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும் சட்டப்படி இந்தியக் குடிமக்கள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இதை வைத்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்க் கடவுச்சீட்டு வாங்கினார், 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். முதல் அலையில் வந்தவர்களின் பிள்ளைகளில் இந்த வயதுக்காரர்கள் எல்லா முகாமிலும் உண்டு. அவர்களுக்குத் தேவை எந்த ஊரில், எந்த மருத்துவமனையில், எந்தத் தேதியில் பிறந்தார்கள் என்பதற்கான பதிவு. பழைய பிறப்புப் பதிவேட்டைத் தேடி எடுத்துத் தரச் சொல்வது ஊர்க்காரருக்குச் சுலபம்.

இன்னொரு கூட்டமும் உண்டு. முகாம்களில் இருப்பவர்களில் கணிசமானவர்கள் மலையக வம்சாவளியினர். தாத்தா காலத்தில் திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள். 1964 ஒப்பந்தப்படி குடியுரிமைக்கு உரிமை இருந்தும், அது கைக்கு வருவதற்குள் கலவரம் வந்து அகதியாக வந்துவிட்டார்கள். திருச்சி கொட்டப்பட்டு உள்ளிட்ட முகாம்களைச் சேர்ந்தவர்கள் தொடுத்த வழக்கில் 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம், அரசு பரிவோடு பரிசீலிக்க வேண்டும் என்றது. உங்கள் ஊர் முகாமில் யாராவது தாத்தாவின் ஊர்ப் பெயரைச் சொன்னால், அந்த ஊர்ச் சொந்தங்களைத் தேடித் தருவது, பழைய பத்திரம், கடிதம் எடுத்துத் தருவது எல்லாம் வெளியே நடமாடும் சுதந்திரம் உள்ளவர்களால்தான் முடியும்.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். முகாமுக்குள் வெளியாட்கள் போய் நிகழ்ச்சி நடத்த அதிகாரிகளின் அனுமதி வேண்டும். கேட்காமல் போனால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, முகாம் தலைவரைத்தான் கூப்பிட்டு விசாரிப்பார்கள். பிறந்தநாள் பிரியாணியும், வரிசையில் நிறுத்தி வைத்து எடுக்கும் படமும் தயவுசெய்து வேண்டாம். தம்பி, தங்கை முறை சொல்லிப் பழகும் பிள்ளைகளின் முகம், கையேந்தும் படமாக உங்கள் நண்பர்களின் செல்போனுக்கெல்லாம் போவது நன்றாகவா இருக்கிறது? அரசியல் கேள்விகளையும் விட்டுவிடுங்கள். “அந்த இயக்கத்தில் இருந்தீர்களா” என்று ஆர்வத்தில் கேட்பது உங்களுக்குக் கதை, அவர்களுக்கு விசாரணை.

இப்போது உங்கள் மாடி வீடு. வந்து கேட்ட குடும்பம் வெளிப்பதிவில் இருப்பவர்கள் என்றால் தயக்கமே வேண்டாம். அவர்கள் காவல் நிலையப் பதிவைப் பாருங்கள், ஒரு நகல் வாங்கி வையுங்கள், நீங்கள் வீடு கொடுத்த தகவலைக் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டவருக்கு இடம் கொடுப்பவர் தகவல் தர வேண்டும் என்பது சட்டம், அதற்குத் தனிப் படிவம் ஏதும் தர வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். வேறு நிலையத்து எல்லையிலிருந்து வருகிறார்கள் என்றால் அவர்கள் பதிவையும் இங்கே மாற்ற வேண்டும். அதை அவர்கள்தான் செய்ய வேண்டும், ஆனால் உங்கள் முகவரிக் கடிதம் இல்லாமல் முடியாது.

முகாம் பதிவில் இருப்பவர்கள் என்றால் கொஞ்சம் நிதானம் வேண்டும். குடும்பமே வெளியே குடிவந்தால் முகாம் வீடும் பணக்கொடையும் போகும். வெளிப்பதிவுக்கு மாற மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. வெளிப்பதிவில் இருப்பவர்களுக்கு மாதப் பணம் எதுவும் கிடையாது. இது தெரிந்துதான் கேட்கிறார்களா என்று பேசிப் பாருங்கள். பெரும்பாலும் தெரிந்துதான் கேட்பார்கள்: மகளுக்கு வரன் பார்க்கிறார்கள், பத்துக்குப் பத்தில் மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைக்க முடியவில்லை. அனுமதி வரும் வரை பொறுத்திருங்கள். அதுவரை சும்மா வந்து தங்கட்டும் என்று சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். செக்கிங்கில் மாட்டிக்கொண்டால் இரண்டு வீடும் இல்லாமல் நிற்பார்கள்.

ஒப்பந்தம் எழுதத் தயங்க வேண்டாம். இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கி அனுமதியில்லாமல் இந்தியாவில் அசையாச் சொத்து வாங்க முடியாது என்பது உண்மை, ஆனால் ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு அந்தத் தடை இல்லை. வழக்கமான பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் தாராளமாகப் போடலாம். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்காதீர்கள். 2017 வாடகைச் சட்டம் சொல்லும் அளவும் அதுதான், சேமிப்பு இல்லாத குடும்பத்துக்கு அதுவே பெரிய தொகை. வாடகையை வங்கி வழியாக வாங்குங்கள், மாதா மாதம் ரசீது கொடுங்கள். வாடகை ஒப்பந்தமும் ரசீதும் அவர்களுக்கு எரிவாயு இணைப்பு, பள்ளி மாறுதல், நாளைக்குக் குடியுரிமை விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் முகவரிச் சான்று. மாடிக்குத் தனி மின் மீட்டர் இல்லையென்றால், குடிவரும் முன்பே யூனிட்டுக்கு எவ்வளவு என்று பேசி ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் சண்டை வருவது பெரும்பாலும் அதில்தான்.